மூன்று பேர் சொன்ன ஒரே வாக்கியம்

ஓசூர்,
8.2.2009, ஞாயிறு.

அன்பு மகள் வின்சிக்கு அம்மா சூசைமேரி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு "யாவரும்" என்பதை மட்டும் அடித்துவிட்டேன். ஏன் என்று கீழே வரும்.

வெட்கக்கேட்டை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் உன்னிடம் பொய் சொன்னேன். நான் மட்டும் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஐம்பது வயதில் இன்னும் இரண்டு பேரை உட்காரவைத்து, என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்து, அவர்களையும் சொல்லவைத்தேன். நாலாம் வகுப்போடு நின்றவள் வாத்தியார் வேலை பார்த்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு பேரும் பெயில்.

போன மாதம் நீ போனில் "வேலைக்குப் போறியாம்மா, லைன் வீட்டுல எல்லாரும் இருக்காங்களா" என்று கேட்டாய் அல்லவா, அந்தக் குரலைக் கேட்டதுமே அடுத்து யார் யாரைக் கேட்பாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா? அடுத்த லைன் சாந்தம்மாவைக் கேட்பாய். தண்ணி லாரி கங்கப்பனைக் கேட்பாய். உன்னோடு ப்ளஸ் டூ வரை படித்த தமிழ்செல்வியைக் கேட்பாய். என்னோடு சேர்த்து நாலு பேர். நாலில் மூன்று பேர் ஒரே பேச்சுப் பேசினால் அதுதான் உண்மை என்பது நீ படிக்கிற படிப்பின் சட்டம். அதனால் அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தமிழ்செல்வியிடமும் போனேன். "எனக்குப் பொய் வராது அத்தை, வேணும்னா போனை எடுக்காம இருந்துக்கறேன்" என்றாள். போனை எடுக்காமல் இருக்கவும் அவளுக்கு வரவில்லை. அவளை விட்டுவிட்டேன். எனக்கு மூன்று பேர் போதும் அல்லவா? "நாலு லைனும் நிரம்பி வழியுது, மேரிக்குக் கேன்டீன் வேலைல மூச்சுவிட நேரமில்லை" என்பதுதான் நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம். மறக்கக்கூடாது என்று ஆளுக்கு ஐந்து முறை சொல்லவைத்தேன்.

அங்கேதான் கெட்டது. நீ பிறந்ததிலிருந்து உன்னிடம் கன்னடத்தைத் தவிர வேறு பேசாத சாந்தம்மா, கோயிலில் வாசகம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லியிருக்கிறாள். "ஊம்" என்பதற்கு மேல் வாய் திறக்காத கங்கப்பன், அதே வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டு, "இன்னும் ஏதாச்சும் சொல்லணுமா பாப்பா" என்று உன்னிடமே கேட்டாராமே! ஒரு ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, போ.

ஆனால் ஒன்று. உன் சட்டப்படி பார்த்தால் நீ என்னைத்தான் நம்பியிருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டே நீதான் சொன்னாய். உலகம் பூராவும் சிதறிக் கிடக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் எது முதலில், எது அடுத்தது என்று ஒரே முடிவுக்கு வர வேண்டும். அதில் சிலது செத்துப்போகும். சிலது கெட்டுப்போய் ஆளுக்கொரு பேச்சுப் பேசும். நாலு இருந்தால் ஒன்று கெட்டாலும் தாங்கும், பத்து இருந்தால் மூன்று கெட்டாலும் தாங்கும், அதற்கு மேல் கெட்டால் ஆண்டவர்தான் காப்பாற்ற வேண்டும் என்றாய். ஆண்டவரை நீ சொல்லவில்லை, அது நான் சேர்த்தது. நாலில் மூன்றை நான் கெடுத்துவிட்டேன். நீ என்னடாவென்றால் மூன்று பேரை ஒதுக்கிவிட்டு தமிழ்செல்வி ஒருத்தி பேச்சை நம்பியிருக்கிறாய். இதை உன் புரபசரிடம் சொல்லாதே. நாலு வருஷம் இங்கே என்ன படித்தாய் என்று கேட்பார்.

செத்துப்போன கம்ப்யூட்டரால் அவ்வளவு தொல்லையில்லை, பொய் பேசுகிறதுதான் தொல்லை என்றும் சொன்னாய். ரொம்பச் சரி. உன் அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த மனிதரால் ஒரு குழப்பமும் இல்லை. இருந்த காலத்தில் காலையில் ஒன்று சொல்வார், சாயங்காலம் வேறொன்று சொல்வார். இப்போது ஒரே நிலையில் இருக்கிறார். சில நாள் வந்து ரெண்டு பொய் சொல்லிவிட்டுப் போனால்கூடத் தேவலை என்று இருக்கிறது.

போகட்டும். நீ என்னவோ இந்த வித்தையெல்லாம் சுவிட்சர்லாந்தில் போய்க் கற்ற மாதிரி பேசுகிறாய். நம் லைன் வீட்டுத் தண்ணீர்ச் சண்டையை மறந்துவிட்டாயா? நாலு லைன், லைனுக்கு ஒன்பது வீடு. கங்கப்பன் லாரி கால் மணி நேரம்தான் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு லைன் தலை. அந்த லைன்காரி யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்று சொல்வாள். மூன்றாம் லைன் ரங்கம்மா தலையாக இருந்த ஒரு நாள், முதல் லைனிடம் போய் "உங்களுக்குத்தான் மொதல்ல" என்றாள், நம்மிடம் வந்தும் "உங்களுக்குத்தான் மொதல்ல" என்றாள். இரண்டு லைனும் ஒரே ஓஸ் பைப்பைப் பிடித்து இழுத்ததில் தண்ணீர் பூராவும் சாந்தம்மா காயப்போட்டிருந்த ராகி மேல் போனது. அன்றைக்குச் சாந்தம்மா மூன்று பாஷையில் திட்டினாள். உனக்கு அதில் இரண்டு புரிந்தது என்று நீ அழுதாய்.

அதற்குப் பிறகுதானே புது ஏற்பாடு வந்தது? தலை சொன்னவுடனே குடத்தைத் தூக்கக்கூடாது. மற்ற லைன்காரிகளிடம் போய் "உனக்கு என்ன சொன்னா" என்று கேட்க வேண்டும். மூன்று லைன் காதில் ஒரே பேச்சு விழுந்திருந்தால் அதுதான் முடிவு, நாலாவது லைன் என்ன கத்தினாலும் சரி. தலை வாய் திறக்காமல் நின்றால் இருபது எண்ணுவோம். எண்ணி முடித்தால் தலை அடுத்த லைனுக்குப் போய்விடும். ரங்கம்மா ஜடை பின்னிக்கொண்டு நின்றே எத்தனை நாள் அந்தப் பதவியை விட்டிருக்கிறாள்! முதலில் குடத்துக்குக் குடம் பேசிப் பார்த்தோம், லாரி போய்விட்டது. லைனுக்கு ஒரே பேச்சு, அத்தனை குடத்துக்கும் சேர்த்து ஒரே முடிவு என்று ஆக்கிய பிறகுதான் கால் மணிக்குள் நாலு லைனும் முடிந்தது. நீ போன கடிதத்தில் "ஒவ்வொரு செய்தியாப் பேசாம மூட்டையாக் கட்டிப் பேச வெச்சேன் அம்மா, வேகம் எங்கயோ போயிடுச்சு, செகண்டுக்கு ஆயிரக்கணக்குல முடிவாகுது" என்று எழுதியிருந்தாய். சந்தோஷம் கண்ணு. உன் புத்தகத்தில் நன்றி போடுகிற பக்கத்தில் ரங்கம்மாவுக்கும் ஓரமாக இடம் விடு. அவள் மட்டும் யோக்கியமாக இருந்திருந்தால் நாம் இவ்வளவு யோசித்திருக்க மாட்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "போன்ல நீ நடிப்பே, கடிதத்துல எழுதும்மா" என்று சொல்லிவிட்டாய். எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முன்பே கம்பெனியில் மூன்று ஷிப்ட் இரண்டாகி, அப்புறம் ஒன்றாகிவிட்டது. வெளிநாட்டில் கார் விற்கவில்லையாம், அதனால் ஓசூரில் சாம்பார் குறைந்தது. அறுநூறு சாப்பாடு முந்நூறாகி, நூற்றிருபதாகி, பொங்கலோடு கேன்டீன் கான்ட்ராக்டே முடிந்தது. கான்ட்ராக்டர் "நெலமை சரியானதும் மொத ஆளா உங்களத்தான் கூப்பிடுவேங்கக்கா" என்றார். நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்க்காமல் சட்னி வாளியைப் பார்த்துச் சொன்னார்.

லைன் வீடுகளும் அப்படித்தான். நாலாம் லைனில் இருந்த திருநெல்வேலிக்காரர்கள் முதலில் போனார்கள். "வேலை வந்ததும் வந்துடுவோம் சித்தி" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், கட்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் லைனில் இரண்டு குடும்பம் மதுரைக்கு, ஒரு குடும்பம் திருப்பூருக்கு. ரங்கம்மா பாகலூர்ப் பக்கம் மகன் வீட்டுக்கு. மீதிப் பேர் ஒவ்வொருவராக. சாந்தம்மா உன்னிடம் அந்த வாக்கியத்தை ஒப்பித்த மறு வாரமே மாலூரில் மகள் பிரசவத்துக்குக் கிளம்பினாள். ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். பிரசவம் பார்க்கப் போகிறவள் பீரோவையும் ஏற்றிக்கொண்டு போவாளா? அவளுக்கும் பொய் வராது என்று உனக்குத்தான் தெரியுமே.

முப்பத்தாறு வீட்டில் இப்போது நம் வீடு ஒன்றுதான் திறந்திருக்கிறது. "யாவரும்" என்பதை ஏன் அடித்தேன் என்று இப்போது தெரிந்ததா?

லாரிக்கு இங்கே வேலையில்லை. கங்கப்பன் டிவிஎஸ் வண்டியில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு பத்து மணிக்கு வருகிறார். அவரை வரச்சொல்லி நான் கேட்கவில்லை, அவராக வருகிறார். வண்டிச் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கு வந்து "இன்னிக்கு யாருக்கு மொதல்ல" என்று கேட்டுவிடுகிறேன். பழக்கம். அவரும் நாலு லைனையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு "ஊம்" என்கிறார். ஒரே ஆளாக இருந்தால் முடிவெடுப்பது எத்தனை சுலபம் தெரியுமா? நான்தான் தலை. நானே சொல்கிறேன், நானே கேட்டுக்கொள்கிறேன், நானே சரி என்கிறேன். ஒருத்தியும் குறுக்கே பேசுவதில்லை. இந்த வேகத்தை உன் கம்ப்யூட்டரால் ஜென்மத்துக்கும் தொட முடியாது.

சமையல்தான் வரமாட்டேன் என்கிறது. அறுநூறு பேருக்கு உப்புப் போட்ட கைக்கு ஒரு ஆளுக்கு உப்புப் போடத் தெரியவில்லை. ஒரு நாள் கரிக்கிறது, ஒரு நாள் உப்பே இல்லை. குறை சொல்ல ஆள் இருந்தால் சரியாகிவிடும்.

பகலில் சில நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்காருகிறேன். சிரிக்காதே. அஞ்செட்டி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ் கம்மி என்பதால் ஜனங்கள் நேரம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், இப்போது எனக்கு எல்லா பஸ்ஸும் மனப்பாடம். டைம் கீப்பர் ஆபீசில் கேட்காமல் என்னிடம் வந்து கேட்கிறார்கள். போன வாரம் நாட்றாம்பாளையத்துக்காரி ஒருத்தி, பூவம்மாள் என்று பேர், வேர்க்கடலையில் பாதியை என் மடியில் கொட்டிவிட்டு, "நீ எந்த ஊருக்குப் போகணும்க்கா" என்று கேட்டாள். "நான் எங்கயும் போகல, சும்மா உக்காந்திருக்கேன்" என்றேன். அவள் மீதிக் கடலையையும் கொட்டினாள். அவள் பஸ் போகிற வரைக்கும் கை காட்டினேன். யார் என்றே தெரியாது, பார்.

நேற்று எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்டேன், இன்று திங்கள். இங்கே இருந்துதான் நீ முக்கியமாகப் படிக்க வேண்டும்.

அம்மா தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால் மார்ச்சிலேயே படிப்பை விட்டுவிட்டு பெங்களூரில் உன்னைக் கூப்பிடுகிற அந்த வேலையில் சேர்ந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் சாமி. இதற்காகத்தான் நான் என்னையும் சேர்த்து மூன்று பேரைக் கெடுத்தேன், வேறெதற்கும் இல்லை. ஜூனில் உன் பரீட்சை முடிகிறது. நாலு வருஷம் ஓடியவள் நாலு மாதத்துக்கு முன்னால் உட்காரலாமா? இப்போது விட்டால் திரும்பப் போய்த் தொட முடியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

ஒரு ஆள் விழுந்தாலும் மற்றவர்கள் வேலை நிற்காமல் நடக்க வேண்டும் என்பதுதானே நீ செய்கிற வித்தை? அப்படி இருக்க, ஒரு அம்மா விழுந்தால் நீ ஏன் நிற்கிறாய்? நான் விழவில்லை, பேச்சுக்குச் சொல்கிறேன்.

குருபரப்பள்ளியில் ஹைவே மேல் இருக்கிற ஓட்டலில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள். பின்னாலேயே தங்க ஒரு அறை தருகிறார்களாம். லாரிக்காரர்கள் வந்து போகிற இடம், சத்தத்துக்குப் பஞ்சமில்லை. மார்ச் முதல் தேதி போவதாகச் சொல்லிவிட்டேன். இது பொய் இல்லை. சந்தேகம் இருந்தால் தமிழ்செல்வியைக் கேள். இந்த முறை அவளுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளை நம்பியது நீ செய்த நல்ல காரியம். அது மாதிரி ஒருத்தி அங்கேயும் உனக்கு இருக்கிறாளா? இருந்தால் அவளோடு சேர்ந்து சாப்பிடு, தனியாகச் சாப்பிடாதே. தனியாகச் சாப்பிட்டால் உப்புத் தெரியாது.

பனியில் போகும்போது காதை மூடிக்கொள். மாதா உன் கூடவே நடக்கட்டும். உன் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பொய் பேசாமல் ஒரே பேச்சாக நின்று உனக்குப் பட்டம் வாங்கித் தரட்டும். ஜூன் வரை வராதே. வருகிற அன்றைக்கு மட்டும் முன்கூட்டிச் சொல், இரண்டு ஆளுக்கு உப்பு எவ்வளவு என்று நான் பார்த்துவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொய்யை இன்றோடு நிறுத்திய உன் அம்மா,
சூசைமேரி.

12.2.2009, வியாழன்.

பின்குறிப்பு: இந்தக் கடிதம் உனக்குத் தாமதமாக வரும். செவ்வாய்க்கிழமை தபால் ஆபீசுக்கும் அந்தோனியார் கோயிலுக்கும் ஒரே நடையாகப் போனேன். ஒரு கையில் உனக்கு எழுதிய கடிதம், மறு கையில் அந்தோனியார் பெட்டியில் போடுவதற்கு எழுதிய விண்ணப்பச் சீட்டு. இரண்டும் ஒரே நோட்டில் கிழித்த தாள், இரண்டையும் ஒரே மாதிரி மடித்திருந்தேன். நீ இங்கிலீஷில் விலாசம் எழுதிவைத்துவிட்டுப் போன கவரில் ஒன்றைப் போட்டு ஒட்டித் தபாலில் சேர்த்தேன். மற்றதைக் கோயில் பெட்டியில் போட்டேன். கவர் கொஞ்சம் மெலிசாகத்தான் இருந்தது.

சாயங்காலம் நவநாள் ஜெபத்தில் உபதேசியார் அந்தப் பெட்டியைத் திறந்து விண்ணப்பங்களை வாசித்தார். முதலில் ஒருவருக்கு மூட்டுவலி, அடுத்தது ஒரு பையனுக்குப் பாஸ்போர்ட், மூன்றாவது "அன்பு மகள் வின்சிக்கு". உபதேசியார் எடுத்ததை முழுக்க வாசிக்கிற வழக்கம் உள்ளவர். நான் பஸ் ஸ்டாண்டில் உட்காருகிற இடம் வந்தபோது நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். யாரும் போதும் என்று சொல்லவில்லை, அதனால் மீதியையும் வாசித்தார். முடிந்ததும் எல்லோரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

புதன்கிழமை காலையில் ஆறு வீட்டிலிருந்து குழம்பு வந்தது. ஆறும் கத்தரிக்காய்.

கடிதத்தை உபதேசியார் திருப்பிக் கொடுத்துவிட்டார், அதைத்தான் இப்போது அனுப்புகிறேன். அந்தோனியாருடைய சீட்டு இதற்கு முன்பே உனக்கு வந்திருக்கும். அதில் இரண்டே வரி. அது நான் அவரிடம் கேட்டது, உன்னிடம் கேட்டது அல்ல. நீ அதைப் படித்திருந்தாலும் அதன்படி டிக்கெட் எதுவும் எடுக்கத் தேவையில்லை. அங்கே பக்கத்தில் அந்தோனியார் கோயில் இருந்தால் பெட்டியில் போட்டுவிடு.